ஹொஃப்ஸ்டீடின் ஐ.பி.எம். ஆய்வு

ஹொஃப்ஸ்டீடின் ஐ.பி.எம். ஆய்வு என்பது, ஐ.பி.எம். என்னும் பன்னாட்டுக் கணினி நிறுவனம் தன் ஊழியர்களிடையே 1967 முதல் 1973 வரை நடத்திய மனப்பாங்குக் கணிப்புகளின் விடைகளைக் கொண்டு, நாடுகளுக்கு இடையிலான பண்பாட்டு வேறுபாடுகளை எண்களால் அளக்க முயன்ற ஓர் ஆய்வாகும். நெதர்லாந்தைச் சேர்ந்த சமூக உளவியலாளர் கீர்ட் ஹொஃப்ஸ்டீட் (1928–2020) இதை மேற்கொண்டார். 72 நாடுகளில் 20 மொழிகளில் நிரப்பப்பட்ட ஏறத்தாழ 1,16,000 வினாத்தாள்கள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. முடிவுகள் 1980 ஆம் ஆண்டில், "பண்பாட்டின் விளைவுகள்" எனப் பொருள்படும் தலைப்புள்ள ஆங்கில நூலாக வெளிவந்தன.

பன்னாட்டு மனிதவள மேலாண்மை ஆய்வில் கல்வியுலகமும் வணிக நிறுவனங்களும் இணைந்து இயங்குவதற்கு இது முதன்மையான எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பல பத்து நாடுகளில் ஒரே வினாக்களைக் கேட்டு விடை பெறுவது தனியொரு பல்கலைக்கழகத்துக்கு எளிதன்று. அந்த வாய்ப்பை ஒரு நிறுவனம் அளித்தது. அதே வேளையில், நிறுவனத்தின் தேவைக்காகத் திரட்டப்பட்ட தரவு என்பதால், யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது, எந்த நாடுகளில் கேட்பது என்பனவற்றையும் அந்நிறுவனமே தீர்மானித்தது. இவ்வாய்வின் வலிமையும் குறைபாடும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவை.

பின்னணி

ஒரு நிறுவனம் பல நாடுகளில் இயங்கும்போது, ஆட்களைத் தேர்ந்தெடுத்தல், பயிற்சி அளித்தல், ஊதியம் நிர்ணயித்தல், பணியை மதிப்பிடுதல், வேறு நாட்டுக்கு அனுப்புதல் ஆகியவற்றில் எழும் சிக்கல்களை ஆராயும் துறை பன்னாட்டு மனிதவள மேலாண்மை எனப்படுகின்றது. தலைமையகத்தில் வகுக்கப்பட்ட ஒரு நடைமுறை எல்லா நாடுகளிலும் ஒரேபோலச் செல்லுபடியாகுமா என்பது இத்துறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். 1969 ஆம் ஆண்டில் ஹோவர்ட் பெர்ல்மட்டர், பன்னாட்டு நிறுவனங்களின் போக்கை மூவகையாகப் பிரித்தார். தாய்நாட்டு முறையே சிறந்தது என எண்ணுவது ஒன்று. அந்தந்த நாட்டு முறைக்கே விட்டுவிடுவது மற்றொன்று. நாடு பாராமல் உலகளாவிய முறையில் ஆட்களையும் கருத்துகளையும் தெரிவு செய்வது மூன்றாவது.

இவ்வினாக்களுக்கு விடை காணத் தேவையான தகவல்கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கு உள்ளேயே இருக்கின்றன. ஊழியர் பதிவுகள், பதவி உயர்வு விவரங்கள், மனநிறைவுக் கணிப்புகள், பணி விலகல் எண்ணிக்கைகள் ஆகியன பொது நூலகத்தில் கிடைப்பவை அல்ல. எனவே இத்துறை ஆய்வாளர், நிறுவனத்தின் இசைவைப் பெற்றாக வேண்டியுள்ளது. நிறுவனமோ தனக்குப் பயன் தரும் விடைகளையே எதிர்பார்க்கின்றது. இவ்விரு நோக்கங்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதற்கு ஐ.பி.எம். ஆய்வின் வரலாறு நல்ல சான்றாகும்.

கணிப்புகள் நடந்த விதம்

ஹொஃப்ஸ்டீட் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1953 இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றவர். சில ஆண்டுகள் தொழிற்சாலைகளில் பணியாற்றிய பின் 1965 இல் ஐ.பி.எம். ஐரோப்பாவில் சேர்ந்தார். அங்கு ஊழியர் ஆய்வுப் பிரிவு ஒன்றைத் தோற்றுவித்து, அதன் பொறுப்பை ஏற்றார். பணியில் இருந்துகொண்டே 1967 இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஊழியர்களின் மனநிலையை அறிந்து நிர்வாகத்தைச் சீர்படுத்துவதே ஐ.பி.எம். கணிப்புகளின் நோக்கமாகும். நாடுகளின் பண்பாட்டை அளக்கும் எண்ணம் அப்போது இருக்கவில்லை. வேலையில் மனநிறைவு, மேலாளரின் நடத்தை, வேலையிலிருந்து எதிர்பார்ப்பவை, பணி அழுத்தம், விதிகளைப் பற்றிய கருத்து முதலியன குறித்து வினாக்கள் அமைந்தன. ஒரே வினாத்தாள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல பணிநிலைகளில் இருந்தோருக்கு வழங்கப்பட்டது.

கணிப்பு இரு சுற்றுகளாக நடைபெற்றது. முதற்சுற்று 1967–1969 ஆண்டுகளிலும், இரண்டாம் சுற்று 1971–1973 ஆண்டுகளிலும் நடந்தது. சிலர் இரு சுற்றுகளிலும் விடையளித்ததால், விடையளித்த ஆட்களின் எண்ணிக்கை வினாத்தாள்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாகும்.

நிறுவனத் தரவு ஆய்வுத் தரவாக மாறியமை

விடைகளை ஒப்பிட்டபோது, ஒரே வேலையைச் செய்யும் ஊழியர்கள்கூட நாட்டுக்கு நாடு வேறுபட்ட விடைகளைத் தருவதையும், அவ்வேறுபாடு இரு சுற்றுகளிலும் ஏறத்தாழ ஒரேபோல நீடிப்பதையும் ஹொஃப்ஸ்டீட் கண்டார். இது ஐ.பி.எம். நிறுவனத்துக்கு மட்டும் உரிய தோற்றமா, அல்லது நாடுகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடா என்ற ஐயம் எழுந்தது.

இதைச் சோதிக்க வாய்ப்பு ஒன்று வாய்த்தது. 1971 முதல் 1973 வரை அவர் நிறுவனத்திலிருந்து விடுப்புப் பெற்று, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்றில் கற்பித்தார். (இந்நிறுவனம் பின்னாளில் ஐ.எம்.டி. எனப் பெயர் பெற்றது.) அங்குப் பயிற்சிக்கு வந்த மேலாளர்கள் ஏறத்தாழ 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள், ஐ.பி.எம். நிறுவனத்துடன் தொடர்பற்றவர்கள். அவர்களிடம் அதே வினாக்களுள் ஒரு பகுதியைக் கொடுத்தபோது, நாடுகளுக்கு இடையிலான வேறுபாடுகள் ஒத்த வரிசையில் வெளிப்பட்டன. இதன் பின்னரே இது ஒரு நிறுவனத்தைப் பற்றிய தரவு மட்டுமன்று என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1973 முதல் 1979 வரை, நிறுவனத்துக்கு வெளியே, பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் இருந்த ஐரோப்பிய மேலாண்மை உயராய்வு நிறுவனத்தில் தரவுகள் பகுத்தாராயப்பட்டன. 1980 நூலில் ஐ.பி.எம். நிறுவனத்தின் உண்மைப் பெயர் குறிப்பிடப்படவில்லை. "ஹெர்மிஸ்" என்னும் புனைபெயரே பயன்படுத்தப்பட்டது. தரவு தந்த நிறுவனத்தின் பெயரை மறைப்பது இத்தகைய கூட்டாய்வுகளில் வழக்கமான ஒரு நடைமுறையாகும். பின்னாளில் அப்பெயர் வெளிப்படையாகவே வழங்கலாயிற்று.

ஒரே நிறுவனத்தில் ஆய்வதன் பயன்

இரண்டு நாடுகளில் உள்ள வெவ்வேறு நிறுவனங்களின் ஊழியர்களை ஒப்பிட்டால், காணப்படும் வேறுபாடு நாட்டினால் வந்ததா, தொழிலினால் வந்ததா, கல்வியினால் வந்ததா எனப் பிரித்தறிவது கடினம். ஐ.பி.எம். ஊழியர்களோ ஒரே நிறுவனத்தில், ஒரே விதமான வேலையில், ஒத்த கல்வித் தகுதியுடன் இருந்தனர். ஆகவே, அவர்களுக்கு இடையே எஞ்சும் முறையான வேறுபாட்டுக்கு நாடே காரணம் எனக் கொள்ளலாம் என்பது ஹொஃப்ஸ்டீடின் வாதமாகும். எல்லா நாடுகளிலும் இருந்த விற்பனை, பராமரிப்புப் பிரிவுகளின் ஊழியர்களே ஒப்பீட்டுக்குப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

ஊழியர்கள் தத்தம் நாட்டு மக்களின் சரியான மாதிரி என அவர் கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் உள்ள ஐ.பி.எம். ஊழியர் சராசரி இந்தியரிலிருந்து எவ்வாறு விலகி நிற்கின்றாரோ, அவ்வாறே பிரான்சில் உள்ள ஐ.பி.எம். ஊழியரும் சராசரி பிரெஞ்சுக்காரரிலிருந்து விலகி நிற்பார் என்றும், எனவே இருவருக்கும் இடையிலான வேறுபாடு பொருளுடையது என்றும் அவர் கருதினார்.

நான்கு பரிமாணங்கள்

நாட்டுச் சராசரிகளைப் புள்ளியியல் முறையில் பகுத்தாராய்ந்து நான்கு பரிமாணங்களை ஹொஃப்ஸ்டீட் வரையறுத்தார். 1980 நூலில் 40 நாடுகளுக்கான சுட்டெண்கள் இடம்பெற்றன. பின்னர் அட்டவணை 50 நாடுகளாகவும் 3 வட்டாரங்களாகவும் விரிந்தது. கீழுள்ள எண்கள் விரிந்த அட்டவணைக்கு உரியவை.

• அதிகார இடைவெளி: அதிகாரம் சமமின்றிப் பகிரப்பட்டிருப்பதை அதிகாரம் குறைந்தவர்கள் எந்த அளவுக்கு இயல்பானதாக ஏற்கின்றனர் என்பது. மேலாளரின் கருத்தை மறுத்துப் பேச ஊழியர்கள் அஞ்சுகின்றனரா, தம் மேலாளர் எவ்வகைப்பட்டவர், எவ்வகை மேலாளரை விரும்புகின்றனர் என்ற மூன்று வினாக்களின் விடைகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. மலேசியா 104, இந்தியா 77, ஆஸ்திரியா 11.

• தனியாள் சார்பு – கூட்டுச் சார்பு: ஒருவர் தம்மையும் தம் நெருங்கிய குடும்பத்தையும் மட்டும் பேணிக்கொள்கின்றாரா, அல்லது பெரிய உறவுக் கூட்டத்தின் உறுப்பினராகத் தம்மைக் காண்கின்றாரா என்பது. ஐக்கிய அமெரிக்கா 91, இந்தியா 48, குவாத்தமாலா 6.

• ஆண்மை – பெண்மை: வருவாய், முன்னேற்றம், பாராட்டு ஆகியவற்றுக்கு முதன்மை தரப்படுகின்றதா, அல்லது நல்லுறவு, ஒத்துழைப்பு, வாழும் சூழல் ஆகியவற்றுக்கு முதன்மை தரப்படுகின்றதா என்பது. ஜப்பான் 95, இந்தியா 56, சுவீடன் 5.

• நிச்சயமின்மை தவிர்ப்பு: தெளிவற்ற, எதிர்பாராத நிலைமைகளைக் கண்டு மக்கள் எந்த அளவுக்கு அமைதி இழக்கின்றனர் என்பது. பணியில் பதற்றம், விதிகளை மீறலாகாது என்ற எண்ணம், அதே நிறுவனத்தில் நீண்ட காலம் தொடரும் விருப்பம் ஆகியன பற்றிய மூன்று வினாக்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கிரேக்கம் 112, இந்தியா 40, சிங்கப்பூர் 8.

எண்கள் பெரும்பாலும் 0 முதல் 100 வரை அமையும்படி வாய்பாடுகள் வகுக்கப்பட்டன. சில நாடுகள் 100 ஐத் தாண்டின. இவ்வெண்கள் விழுக்காடுகள் அல்ல. ஒரு நாடு மற்றொரு நாட்டோடு ஒப்பிடும்போது எங்கு நிற்கின்றது என்பதையே இவை காட்டுகின்றன.

மனிதவள மேலாண்மையில் பயன்பாடு

அமெரிக்காவில் உருவான மேலாண்மைக் கோட்பாடுகள் பிற நாடுகளுக்குப் பொருந்துமா என்ற வினாவை ஹொஃப்ஸ்டீட் 1980 இல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். அவர் எடுத்துக்கொண்ட நடைமுறைகளுள் ஒன்று குறிக்கோள்வழி மேலாண்மையாகும். இம்முறையில் மேலாளரும் ஊழியரும் கலந்து பேசி ஊழியரின் ஆண்டுக் குறிக்கோள்களை முடிவு செய்கின்றனர். ஊழியர் தம் மேலாளரோடு ஓரளவு சமநிலையில் நின்று பேரம் பேசக்கூடியவர் என்றும், இருவரும் ஓரளவு இடர் ஏற்கத் துணிந்தவர்கள் என்றும் இம்முறை எடுத்துக்கொள்கின்றது. அதிகார இடைவெளி மிகுந்த பிரான்சில் இம்முறை வேரூன்றாமைக்கு இதுவே காரணம் என அவர் விளக்கினார்.

இதைத் தொடர்ந்து, பணி மதிப்பீடு, குழு ஊக்கத்தொகை, வெளிநாட்டுப் பணிக்குச் செல்வோருக்கான பயிற்சி ஆகியவற்றை நாட்டுக்கு நாடு மாற்றியமைக்கும் முயற்சிகளுக்கு இச்சுட்டெண்கள் துணையாயின. 1988 இல் புரூஸ் கோகட், ஹர்பீர் சிங் ஆகியோர் நான்கு சுட்டெண்களையும் இணைத்து, இரு நாடுகளுக்கு இடையிலான "பண்பாட்டுத் தொலைவை" ஒரே எண்ணாகக் கணக்கிடும் முறையை அறிமுகப்படுத்தினர். நிறுவனங்கள் வெளிநாட்டில் எவ்வகையில் கால்பதிக்கின்றன என்பதை விளக்க அவர்கள் இதைக் கையாண்டனர். பின்வந்த பன்னாட்டு வணிக ஆய்வுகள் பலவற்றில் இது வழக்கமான அளவையாக மாறியது.

திறனாய்வுகள்

மாதிரியின் அளவு

1,16,000 என்ற மொத்த எண்ணிக்கை பெரிதாயினும், அது நாடுகளிடையே சமமாகப் பரவவில்லை. பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002 இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாகச் சுட்டிக்காட்டினார். இரு சுற்றுகளிலும் 1,000 பேருக்கு மேல் விடையளித்த நாடுகள் ஆறு மட்டுமே. 15 நாடுகளில் விடையளித்தோர் 200 பேருக்கும் குறைவு. பாகிஸ்தானில் முதற்சுற்றில் 37 பேரும் இரண்டாம் சுற்றில் 70 பேரும் விடையளித்தனர். ஹாங்காங்கில் 88, தாய்வானில் 71, சிங்கப்பூரில் 58 பேரிடம் ஒரேயொரு முறை மட்டுமே கணிப்பு நடந்தது.

சீனர், மலாய்க்காரர், தமிழர் எனப் பல இனத்தவர் வாழும் சிங்கப்பூருக்கு உரிய எண்கள் இந்த 58 பேரின் விடைகளிலிருந்து பெறப்பட்டவை. இதற்கு மறுமொழியாக, குழு ஒத்த தன்மையுடையதாக இருந்தால் ஒரு நாட்டுக்கு 50 பேர் போதுமானவர்கள் என்றும், தம் சுட்டெண்கள் நாட்டு வருமானம் போன்ற வெளித் தரவுகளோடு ஒத்துப்போகின்றன என்றும் ஹொஃப்ஸ்டீட் வாதிட்டார்.

நிறுவனம் இல்லாத நாடுகள்

ஐ.பி.எம். கிளை எங்கு இயங்கியதோ அங்கேயே தரவும் கிடைத்தது. சோவியத் ஒன்றியமும் சீனாவும் 1980 அட்டவணையில் இடம்பெறவில்லை. இலங்கையும் அந்த 40 நாடுகளுள் இல்லை. இந்தியா இடம்பெற்றது, ஆயினும் ஐ.பி.எம். 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியதால், அந்நிறுவன ஊழியர்களிடம் அதே கணிப்பைத் தொடர்ந்து நடத்தும் வாய்ப்பு நெடுங்காலம் இல்லாமற் போயிற்று. ஐ.பி.எம். 1992 இல் டாட்டா குழுமத்துடன் இணைந்த கூட்டு நிறுவனத்தின் வழியாக மீண்டும் இந்தியாவில் இயங்கத் தொடங்கியது.

நாடும் பண்பாடும்

ஒரு நாட்டுக்கு ஒரு பண்பாடு என்ற எடுகோளும் கேள்விக்கு உள்ளாகியுள்ளது. பல மொழிகளும் சமயங்களும் வழங்கும் இந்தியாவுக்கு ஒரு பரிமாணத்துக்கு ஓர் எண் மட்டுமே தரப்பட்டுள்ளது. யுகோஸ்லாவியா ஒரே நாடாக அளக்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளாகப் பிரிந்தது. வாஸ் தாராஸ், பியர்ஸ் ஸ்டீல், பிராட்லி கிர்க்மன் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பண்பாட்டு விழுமியங்களில் காணப்படும் மாறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு நாடுகளுக்கு உள்ளேயே அமைந்துள்ளது எனக் கண்டது.

விடையளித்த சூழல்

வினாத்தாளை வழங்கியது வேலை கொடுத்த நிறுவனம். விடைகளை நிர்வாகம் படிக்கும் என்பதை ஊழியர்கள் அறிந்திருந்தனர். மேலாளரிடம் மறுத்துப் பேச அஞ்சுகின்றீர்களா என்ற வினாவை மேலாளர் தரப்பே கேட்கும்போது, அஞ்சுபவர் உண்மையான விடையைத் தரத் தயங்கலாம். நிறுவனத்தின் வழியாக நடைபெறும் எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவான சிக்கல் இது.

காலம்

கணிப்புகள் நடந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு தரவுகளைக் கொண்டு தலைமுறைகளை ஒப்பிட்ட சூர்ட் பொய்கல்ஸ்டைக் முதலானோர், பின்வந்த தலைமுறைகளில் தனியாள் சார்பு கூடி, அதிகார இடைவெளி குறைந்துள்ளது எனக் கண்டனர். எனினும் நாடுகளின் ஒப்பீட்டு வரிசை பெரிதும் மாறவில்லை என்றும் அவர்கள் குறிப்பிட்டனர்.

ஹாங்காங் ஆய்வும் ஐந்தாம் பரிமாணமும்

ஐ.பி.எம். வினாத்தாளை வகுத்தவர்கள் பெரும்பாலும் மேற்குலகப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் கேட்க எண்ணாத ஒன்று அவ்விடைகளில் தோன்ற வழியில்லை. இதைச் சோதிக்க, ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் ஹாரிஸ் பாண்ட், சீன அறிஞர்களிடம் சீன மக்களின் அடிப்படை விழுமியங்கள் யாவை எனக் கேட்டு, அவற்றைக் கொண்டு புதிய வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார். இது பல நாட்டு மாணவர்களிடம் வழங்கப்பட்டது. 22 நாடுகளுக்கான முடிவுகள் 1987 இல் வெளியாயின.

இதிலும் நான்கு காரணிகள் கிடைத்தன. அவற்றுள் மூன்று ஹொஃப்ஸ்டீடின் பரிமாணங்களோடு ஒத்திருந்தன. நிச்சயமின்மை தவிர்ப்புக்கு இணையான காரணி எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, விடாமுயற்சி, சிக்கனம் ஆகியவற்றை ஒருபுறமும் மரபைப் போற்றல், முகம் காத்தல் ஆகியவற்றை மறுபுறமும் கொண்ட புதிய காரணி ஒன்று வெளிப்பட்டது. இதையே ஹொஃப்ஸ்டீட் "நீண்டகால நோக்கு" என்னும் ஐந்தாம் பரிமாணமாக ஏற்றுக்கொண்டார். 2010 இல் பல்கேரிய ஆய்வாளர் மைக்கேல் மின்கோவின் பணியைத் தொடர்ந்து, "நுகர்ச்சி – கட்டுப்பாடு" என்னும் ஆறாம் பரிமாணமும் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் ஐ.பி.எம். தரவிலிருந்து வந்தவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலக் கூட்டாய்வுகள்

ஐ.பி.எம். ஆய்வின் பட்டறிவு, பின்வந்த கூட்டாய்வுகள் வேறு வழிகளைத் தேடக் காரணமாயிற்று.

கிரானெட்: இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு மேலாண்மைப் பள்ளி 1989 இல் இதைத் தொடங்கியது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்காய்வு, ஆலோசனை நிறுவனம் நிதி வழங்கியது. ஐக்கிய இராச்சியம், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், சுவீடன் ஆகிய ஐந்து நாடுகளில் முதற்கணிப்பு நடந்தது. இங்கு ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மாறாக, பல நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களிடம் வினாக்கள் கேட்கப்படுகின்றன. "என்ன உணர்கின்றீர்கள்" என்பதற்கு மாறாக, பயிற்சிக்கு எவ்வளவு செலவிடப்படுகின்றது, தொழிற்சங்கத்தில் எத்தனை விழுக்காட்டினர் உள்ளனர் என்பன போன்ற நடப்பு விவரங்கள் திரட்டப்படுகின்றன. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கல்வி நிறுவனம் பொறுப்பேற்பதால், எந்த ஒரு வணிக நிறுவனமும் முழுத் தரவுக்கும் உரிமையாளர் ஆவதில்லை. இவ்வலையமைப்பு பின்னர் 40 நாடுகள் வரை விரிவடைந்தது. ஒரு நிறுவனத்தின் சார்பில் ஒருவரே விடையளிப்பதும், ஊழியர் தரப்பின் குரல் இடம்பெறாமையும் இதன் குறைகளாகச் சொல்லப்படுகின்றன.

குளோப்: பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் ஹவுஸ் 1991 இல் இதற்கான கருத்தை வகுத்தார். 62 சமூகங்களில், 951 அமைப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்கள் இதில் விடையளித்தனர். உணவு பதப்படுத்தல், நிதிச் சேவை, தொலைத்தொடர்பு ஆகிய மூன்று துறைகள் தெரிவு செய்யப்பட்டன. அயல்நாட்டுப் பன்னாட்டு நிறுவனங்கள் தவிர்க்கப்பட்டு, அந்தந்த நாட்டு நிறுவனங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. முடிவுகள் 2004 இல் நூலாக வெளிவந்தன. நடப்பு எவ்வாறு உள்ளது, எவ்வாறு இருக்க வேண்டும் என இரு வகை வினாக்கள் கேட்கப்பட்டமை இதன் சிறப்பாகும். இவ்வளவைகளின் பொருள் குறித்து ஹொஃப்ஸ்டீடுக்கும் குளோப் ஆய்வாளர்களுக்கும் இடையே 2006 இல் ஆய்விதழ் வழியாக விவாதம் நடைபெற்றது.

கூட்டாய்வில் எழும் பொதுச் சிக்கல்கள்

மேற்கண்ட ஆய்வுகளின் வரலாற்றிலிருந்து, கல்வியுலகமும் வணிக நிறுவனங்களும் இணைந்து ஆய்வு நடத்தும்போது தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய சில செய்திகள் புலப்படுகின்றன.

• நோக்கம்: தரவு எதற்காகத் திரட்டப்பட்டது? நிர்வாகத் தேவைக்காகக் கேட்கப்பட்ட வினாக்கள் கோட்பாட்டு வினாக்களுக்கு முழுமையாக விடை தருவதில்லை.
• உரிமை: தரவு யாருக்குச் சொந்தம்? ஆய்வாளர் நிறுவனத்தை விட்டு விலகிய பின்னரும் அதைப் பயன்படுத்த இயலுமா? பிற ஆய்வாளர் அதைச் சரிபார்க்க இயலுமா?
• வெளியீடு: நிறுவனத்துக்கு உவப்பற்ற முடிவையும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு உண்டா?
• மறைவு: நிறுவனத்தின் பெயரும் ஊழியரின் பெயரும் எவ்வாறு காக்கப்படும்? நாடு, பணிநிலை, பால், வயது ஆகியன சேர்ந்தாலே சிறு கிளை ஒன்றில் ஒருவரை இனங்காண முடியும்.
• இசைவு: ஊழியர் தம் விருப்பத்தின் பேரில் விடையளித்தாரா? தம் விடை பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படும் என அறிந்திருந்தாரா?

இறுதி இரண்டும் இன்று சட்டத்தின் எல்லைக்குள் வந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் எண்மியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேற்றப்பட்டது.

சுட்டெண்களைப் பொருள் கொள்ளும் முறை

இவ்வாய்வைப் பயன்படுத்துவோர் செய்யும் பொதுவான பிழை, நாட்டின் எண்ணைத் தனி ஆளின் மீது ஏற்றுவதாகும். ஒரு மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையளவைக் கொண்டு, அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குறிப்பிட்ட ஒரு நாளில் மழை பெய்ததா எனக் கூற இயலாது. அவ்வாறே, அதிகார இடைவெளியில் இந்தியாவின் எண் 77 என்பதால், ஓர் இந்திய ஊழியர் தம் மேலாளரை மறுத்துப் பேசமாட்டார் என முடிவு செய்ய இயலாது. தம் பரிமாணங்கள் நாடுகளை ஒப்பிடுவதற்கு மட்டுமே உரியவை என்பதை ஹொஃப்ஸ்டீடே பலமுறை வலியுறுத்தியுள்ளார்.

இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டுப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதோ, குழுத் தலைவரை அமர்த்தும்போதோ, ஒருவரது திறனைப் பாராமல் அவரது நாட்டின் எண்ணைப் பார்ப்பது அவருக்கு அநீதியாக முடியும். பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்ளத் திரட்டப்பட்ட எண்களே முன்முடிவுகளுக்குத் துணைபோகும் நிலை இதனால் ஏற்படுகின்றது. நாட்டுச் சுட்டெண்ணை ஒரு வினாவின் தொடக்கமாகக் கொண்டு, அந்தந்த இடத்து ஊழியர்களிடமே கேட்டறிந்து நடைமுறைகளை வகுப்பது முறையாகும்.

இவற்றையும் பார்க்க

• மனிதவள மேலாண்மை
• பன்னாட்டு நிறுவனம்
• பண்பாடு
• காரணிப் பகுப்பாய்வு
• மாதிரியெடுத்தல்